கணிதத்தில் டபிள்யூ எடுத்த பிள்ளைக்கு வேண்டியது இன்னொரு ரியூஷன் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வந்தவுடன் ஒன்பது ஏ எடுத்தவர்களின் படங்கள் பத்திரிகைகளில் வரிசையாக வருகின்றன. ரியூட்டறி மதில்களில் பதாகைகள் ஏறுகின்றன. அதில் எங்களுக்கு வருத்தம் ஏதுமில்லை. உழைத்த பிள்ளை பாராட்டப்படட்டும். ஆனால் அதே தாளில் கணிதத்துக்கு நேரே டபிள்யூ, அதாவது சித்தியில்லை, என்று கண்ட பிள்ளை மறுநாள் காலையில் எதைத் தொடங்க வேண்டும் என்று எங்கும் ஒருவரும் எழுதுவதில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

உயர்தரத்துக்குப் போக முதல்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடச் சித்தி வேண்டும். அவற்றில் குறைந்தது மூன்று, திறமைச் சித்தியாக (சி அல்லது அதற்கு மேல்) இருக்க வேண்டும். ஆகவே வரலாற்றிலும் தமிழிலும் ஏ எடுத்த பிள்ளைகூடக் கணிதம் இல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது. வீட்டில் "உவனுக்குக் கணக்கு ஓடாது" என்று ஒரு தீர்ப்புச் சொல்லப்படும். பிறகு போன வருடம் இருந்த அதே ரியூஷன் மண்டபத்தில், அதே பின்வாங்கில், அதே பாடத்திட்டத்தை முதலாம் அலகிலிருந்து மறுபடி கேட்க அனுப்பிவைப்பார்கள். முதல்முறை பலிக்காத மருந்தை இரட்டிப்பு அளவில் கொடுப்பதுதான் இது.

முதலில் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் பார்ப்போம். சித்திக்கான எல்லை 35. வினாத்தாள் இரண்டு, ஒவ்வொன்றும் 100 புள்ளி, கூட்டி இரண்டால் வகுப்பார்கள். அப்படியென்றால் தேவை 200 இல் 70. முதலாம் தாள் இரண்டு மணித்தியாலம். அதன் ஏ பகுதியில் 25 குறுவினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. பி பகுதியில் 5 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 10. இரண்டாம் தாள் மூன்று மணித்தியாலம். இரு பகுதிகளிலும் ஆறாறு வினாக்கள், ஒவ்வொரு பகுதியிலும் ஐந்து வீதம் பத்துக்கு விடை எழுத வேண்டும், ஒவ்வொன்றும் 10 புள்ளி.

குறுவினாக்களில் 15 சரி என்றால் 30. பி பகுதியில் வினாவுக்கு மூன்று வீதம் பொறுக்கினால் 15. முதலாம் தாளிலேயே 45 வந்துவிட்டது. இரண்டாம் தாளில் 25 போதும். அது ஐந்து கேள்விகளில் பாதிப் பாதி. எல்லையில் நின்று ஆடக்கூடாது என்பதற்காக 90 ஐக் குறிவைக்கச் சொல்கிறோம். இந்தக் கணக்கைப் பிள்ளையின் முன்னால் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். முழுப் பாடத்திட்டமும் மலைபோல நிற்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, அதில் மூன்றிலொரு பங்கு சொச்சமே தேவை என்பது பெரும்பாலும் தெரியாது.

அடுத்தது, ஓட்டை எங்கே என்று பார்ப்பது. இது தரம் 10, 11 இல் இருப்பது அரிது. தரம் 6 முதல் 8 வரையில்தான் இருக்கும். அண்மைக் காலத்தில் பரீட்சை எழுதும் பிள்ளைகளில் பலர் 2020, 2021 இல் பெருந்தொற்றாலும் 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டாலும் பாடசாலைகள் மூடிக் கிடந்த நேரத்தில் அந்த வகுப்புகளில் இருந்தவர்கள். பின்னமும் திசைகொண்ட எண்ணும் (நேர், மறை எண்கள்) கைத்தொலைபேசித் திரையில் பாதி கேட்டுப் பாதி விட்டுப் போயின. வகுப்பேற்றம் மட்டும் நிற்கவில்லை.

இதை அறிய விலைகொடுத்து வாங்கும் சோதனை ஒன்றும் வேண்டாம். எட்டு வகைக் கணக்கு, வகைக்கு ஐந்து, ஆக நாற்பது எழுதுங்கள். மாதிரிக்கு: 7 இலிருந்து 12 ஐக் கழித்தல். மறை 3 ஐ மறை 4 ஆல் பெருக்கல். 2/3 உடன் 1/4 ஐக் கூட்டல். ஒன்றரையை முக்காலால் வகுத்தல். 0.4 ஐ 0.3 ஆல் பெருக்கல். 2400 ரூபாயில் 15 சதவீதம். ஓர் எண்ணின் மும்மடங்கிலிருந்து 5 ஐக் கழித்தால் 16, எண் எது? இரண்டரை மீற்றர் எத்தனை சென்ரிமீற்றர்? விடைகள் முறையே மறை 5, 12, 11/12, 2, 0.12, 360, 7, 250. நேர எல்லை வைக்க வேண்டாம். பக்கத்தில் இருந்து திருத்தவும் வேண்டாம். ஒரு வகையில் ஐந்துக்கு நான்கு சரியென்றால் அந்த வகையை விட்டுவிடலாம். மூன்றும் அதற்குக் கீழும் என்றால் அங்கேதான் வேலை.

நாற்பதும் முடிந்தபின் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டு இடங்களே சிவக்கும்: பின்னம், மறைக்குறி. இந்த இரண்டும் என்ன செய்கின்றன என்று பாருங்கள். பின்னம் தெரியாவிட்டால் நிகழ்தகவு போகும், திரிகோணகணித விகிதம் போகும், இயல்பொத்த முக்கோணி போகும், அட்சரகணிதப் பின்னம் போகும். மறைக்குறி தடுமாறினால் சமன்பாடு, காரணிப்படுத்தல், சமனிலி, வரைபு, இடை (சராசரி) காண்பதில் விலகல் எல்லாம் பிழைக்கும். பிள்ளைக்குத் தான் பத்து அலகில் பெயில் என்று தோன்றுகிறது. உண்மையில் இரண்டே விடயம் பத்து இடத்தில் பெயிலாகியிருக்கிறது.

பின்னத்தை எங்கள் ஊரில் சொல்லிக்கொடுக்கப் படம் போட்ட அப்பமோ பிறந்தநாள் கேக்கோ தேவையில்லை. காணிக்கணக்கு இருக்கிறது. 16 பரப்பு ஓர் ஏக்கர். முக்கால் ஏக்கர்த் தோட்டத்தில் 5 பரப்பை வெங்காயத்துக்கு விட்டால் மிச்சம் எவ்வளவு? முக்கால் ஏக்கர் 12 பரப்பு, 5 போக 7 பரப்பு. அதாவது ஏக்கரில் 7/16. இதைச் செய்த பிள்ளை பொதுப் பகுதியெண் எடுத்துவிட்டது. அது தனக்குத் தெரியாமலே நடந்தது, அவ்வளவுதான். பிறகு அதையே கொப்பியில் 3/4 - 5/16 = 12/16 - 5/16 என்று எழுதச் செய்யுங்கள். 2/3 + 1/4 க்கு மேலே மேலே கூட்டி, கீழே கீழே கூட்டி 3/7 என்று எழுதும் பிள்ளையிடம் பிழை என்று சொல்லிக் கோடு இழுக்க வேண்டாம். 2/3 அரைவாசியிலும் கூடவா குறையவா என்று கேளுங்கள். கூட. 3/7? குறைய. கூட்டியபிறகு குறைந்தது எப்படி என்று பிள்ளை தானே நிமிர்ந்து பார்க்கும்.

சமன்பாட்டில் "அந்தப் பக்கம் போனால் குறி மாறும்" என்ற சூத்திரம்தான் பெரிய சேதம் செய்திருக்கிறது. மும்மடங்கு 12 என்றால் 3 ஐ அடுத்த பக்கம் கொண்டுபோய்க் கழித்து 9 என்று எழுதும் விடைத்தாள்கள் ஏராளம். ஒன்றும் எங்கும் போவதில்லை. இரு பக்கத்துக்கும் ஒரே வேலையைச் செய்கிறோம், இங்கே இரு பக்கத்தையும் 3 ஆல் வகுக்கிறோம். ஒரு மாதத்துக்காவது அந்த நடு வரியை எழுதிச் செய்யட்டும். அதேபோல் அடைப்புக்குறிக்கு முன் மறை 2 நின்றால் உள்ளே இருக்கும் இரண்டு உறுப்பையும் அது பெருக்கும். இரண்டாவது உறுப்பின் குறியை மாற்ற மறப்பதே வழமையான பிழை. மறை 3 இன் வர்க்கத்தை மறை 9 என்று எழுதுவது அடுத்தது. இருபடிச் சார்பின் அட்டவணையில் இந்தப் பிழை விழுந்தால் வளையியின் ஒரு பக்கம் திடீரென்று கீழே குத்திக்கொண்டு போகும். சமச்சீர் இல்லாத வரைபைக் கண்டால் அட்டவணைக்குத் திரும்ப வேண்டுமே தவிர, பென்சிலால் சமாளித்து வளைக்கக்கூடாது.

இந்த அடிப்படை வேலைக்கு ஆறு வாரம் ஒதுக்குங்கள். புத்தகம், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தரம் 6 முதல் 9 வரையான பாடநூல்கள். இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. பதினாறு வயதுப் பிள்ளை தரம் 6 புத்தகத்தை எடுக்க வெட்கப்படும். அட்டை போட்டுக் கொடுங்கள். வெட்கத்தோடு வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அடுத்த பன்னிரண்டு வாரத்துக்கு அலகுகளைத் தெரிந்தெடுக்க வேண்டும். எங்கள் தெரிவு இது: இடை காணல், இருபடிச் சார்பின் வரைபு, கேத்திரகணித அமைப்பு, தொடைகள் (கணங்கள்), வட்டியும் வரியும், விருத்திகள், நிகழ்தகவு. ஏன் இவை? இவற்றில் செய்முறை ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை, எண்கள்தான் மாறும். தேற்றம் நிறுவும் கேள்வியைக் கடைசிக்கு விடலாம். அதற்குச் செலவிடும் ஒரு மாதத்தில் மேற்சொன்ன மூன்று அலகைக் கையில் எடுத்துவிடலாம். இப்படித் தள்ளிவைப்பது கல்வியா என்று எங்களில் சிலரே கேட்பதுண்டு. முதல்முறை எழுதும் பிள்ளைக்கு நாங்கள் இதைச் சொல்லமாட்டோம். இரண்டாம் முறை எழுதும் பிள்ளைக்கு முதலில் வாசல் திறக்க வேண்டும்.

இடைக்கணக்கில் நடுப்பெறுமானம், எடுகொண்ட இடை (கணிப்பு எளிதாக முதலில் ஊகித்து எடுப்பது), அதிலிருந்து விலகல், மீடிறனால் (எத்தனை தடவை வந்தது என்பதால்) பெருக்கல் என்று நிரல்கள் ஒழுங்காக வந்தபின், கடைசியில் மொத்த மீடிறனால் வகுக்காமல் வகுப்பாயிடைகளின் எண்ணிக்கையால் வகுத்துவிடுவார்கள். வந்த விடை தரவின் மிகச் சிறிய, மிகப் பெரிய பெறுமானங்களுக்கு இடையில் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் பிடிபடும். எடுகொண்ட இடையைத் திரும்பக் கூட்ட மறப்பது இன்னொன்று.

அமைப்புக் கேள்வியில் புள்ளி வில்லுக்குத்தான். துப்புரவாக இருக்கட்டும் என்று வில்லை அழிறப்பரால் அழித்துவிட்டு நேர்கோட்டை மட்டும் விட்டுவைக்கும் பிள்ளைக்கு, சரியாக அமைத்தும் புள்ளி கிடையாது. ஆணி தளர்ந்த கவராயமும் மொட்டைப் பென்சிலும் இரண்டு மூன்று மில்லிமீற்றரைத் தின்றுவிடும். அதனால் ஒரு புள்ளியில் சந்திக்க வேண்டிய மூன்று கோடுகள் சந்திக்கா. கொம்பாசுப் பெட்டியைப் பரீட்சைக்கு முதல்நாள் அல்ல, பயிற்சி தொடங்கும் நாளில் வாங்குங்கள்.

தொடைகளில் வெட்டும் பகுதியை முதலில் நிரப்ப வேண்டும். 40 பேரில் 25 பேர் கிரிக்கெட், 18 பேர் உதைபந்தாட்டம், 8 பேர் இரண்டும் என்றால், 8 ஐ நடுவில் போட்டபின் கிரிக்கெட் மட்டும் 17, உதைபந்தாட்டம் மட்டும் 10, இரண்டும் இல்லாதவர் 5. 25 ஐ அப்படியே வட்டத்துக்குள் எழுதிவிட்டால் கூட்டுத்தொகை 40 ஐத் தாண்டிப்போகும். கூட்டுவட்டியில் இரண்டாம் வருட வட்டியைத் தொடக்க முதலுக்கே கணிப்பார்கள். ஒரு இலட்சத்துக்கு 10 வீதப்படி இரண்டு வருட முடிவில் 1,21,000 வரவேண்டியது 1,20,000 ஆகும். முதலாம் தாளில் அடிக்கடி வரும் ஆரைச்சிறையின் (இரண்டு ஆரைக்கும் ஒரு வில்லுக்கும் இடைப்பட்ட வட்டப் பகுதியின்) சுற்றளவில் வில்லை மட்டும் கண்டுவிட்டு இரண்டு ஆரையையும் மறந்துவிடுவார்கள். ஆரை 7 சென்ரிமீற்றரான கால்வட்டத்தில் வில் 11, சுற்றளவு 25.

பயிலும் முறைக்கு வருவோம். ஆசிரியர் பலகையில் செய்ததைப் பார்த்து எழுதுவது கணிதம் படிப்பது ஆகாது. செய்த கணக்கை வாசிக்கும்போது எல்லாம் விளங்கியதுபோல இருக்கும்; புத்தகத்தை மூடினால் இரண்டாம் வரி வராது. மண்டபத்தில் நூற்றுக்கணக்கானவர்களோடு இருக்கும் பிள்ளைக்கு இந்தச் சோதனை நடப்பதே இல்லை, கொப்பி மட்டும் நிரம்பும். ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம், கிழமைக்கு ஆறு நாள். பதினைந்து கணக்கு: பத்து அன்றைய அலகில், ஐந்து பழைய அலகுகளில் கலந்து. பழைய ஐந்தை விடக்கூடாது. ஒரே அலகைத் தொடர்ந்து செய்யும்போது எந்த முறை என்று யோசிக்கவேண்டி வராது. பரீட்சையில் முதலில் கேட்கப்படுவதே அதுதான்.

பிழைக்கென்று தனிக் கொப்பி வேண்டும். பக்கத்தை மூன்றாக மடித்து, முதலாவதில் தான் எழுதிய பிழை வரி, இரண்டாவதில் சரியான வரி, மூன்றாவதில் ஏன் பிழைத்தது என்று ஐந்தாறு சொல்லில். "கவனக்குறைவு" என்று எழுத அனுமதிக்க வேண்டாம்; அது ஒரு காரணமே அல்ல. "பகுதியெண்ணையும் கூட்டினேன்", "ஆரையை விட்டேன்" என்று இருக்க வேண்டும். அதே கணக்கை இரண்டு நாள் கழித்து, ஒரு கிழமை கழித்து, மூன்று கிழமை கழித்துப் பாராமல் செய்யட்டும். மூன்று முறையும் சரியென்றால் கோடு போட்டு வெட்டலாம்.

கடைசி ஆறு வாரம் கடந்தகால வினாத்தாள்கள், மணிக்கூடு வைத்து. பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளி வழங்கும் திட்டத்தைப் பக்கத்தில் வைத்துத் திருத்துங்கள். விடையை மட்டும் பார்த்துச் சரி, பிழை போடுவது பிள்ளைக்கு அநியாயம். குறுவினாவில் விடை பிழைத்தாலும் சரியான படிக்கு ஒரு புள்ளி உண்டு. அதைக் கண்ணால் கண்ட பிள்ளை அதன்பிறகு இடத்தை வெறுமையாக விடாது.

படிப்பல்லாத தடைகளும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறோம். கரும்பலகையில் 3 ஐ 8 என்று பார்த்தெழுதும் பிள்ளைக்கு முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். பதினாறு வயதிலும் கடையில் மிச்சக் காசு எண்ண முடியாமல், முட்கடிகாரம் பார்க்கத் தெரியாமல் இருந்தால் அது சோம்பலாக இராது. கற்றல் இடர்பாடாக இருக்கலாம். வைத்தியரிடம் கேளுங்கள், அடிக்க வேண்டாம். அண்ணாவின் பெறுபேற்றை இழுத்துப் பேசுவதையும் நிறுத்துங்கள். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்து உலகறிந்த கணிதப் பேராசிரியரான எலியேசரின் பெயர் எங்கள் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கிறது. நல்லது. ஆனால் பின்னம் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு அவர் பெயரால் ஒரு புள்ளியும் கூடுவதில்லை.

பயம் பற்றி ஒன்று. மண்டபத்தில் கை நடுங்கி, தெரிந்ததும் மறந்துபோகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தைரியமாக இரு என்று சொன்னால் தைரியம் வராது. முதல் பத்து நிமிடத்துக்கு ஒரு வேலை கொடுத்தால் நடுக்கம் குறையும். இரண்டாம் தாளுக்கு மேலதிக வாசிப்பு நேரம் 10 நிமிடம் உண்டு. அதில் கேள்விகளை மூன்றாகப் பிரிக்கட்டும்: முழுதும் தெரிந்தவை, தொடக்கம் மட்டும் தெரிந்தவை, விடவேண்டியவை. எழுதுவது தெரிந்ததில் தொடங்கட்டும், ஒன்றாம் இலக்கத்தில் அல்ல. ஒரு கேள்விக்கு 18 நிமிடம். கடந்தால் இடம் விட்டு அடுத்ததுக்கு. முதலாம் தாளில் குறுவினாவுக்கு இரண்டு நிமிடம், பி பகுதிக் கேள்விக்கு 12 நிமிடம், மிச்சம் பத்து நிமிடம் விட்டதைப் பார்க்க. இதை வீட்டில் நான்கு ஐந்து முறை ஒத்திகை பார்த்தால்தான் அங்கே வரும்.

யார் சொல்லிக்கொடுப்பது? ஒவ்வொரு ஊரிலும் சனசமூக நிலையம் இருக்கிறது; காலையில் பத்திரிகை வாசிப்பு முடிந்தால் பல நிலையங்களின் மேசைகள் மாலைவரை சும்மா கிடக்கின்றன. நாலிலிருந்து ஆறு பிள்ளைகள், உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படிக்கும் அல்லது பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் ஒரு அக்காவோ அண்ணாவோ, ஒரு வெண்பலகை. ஆறுக்கு மேல் சேர்க்க வேண்டாம். ஏழாவது பிள்ளை ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடும். சொல்லிக்கொடுப்பவர் தான் செய்து காட்டுவதை அரைமணிக்குள் முடித்துக்கொண்டு, மீதி நேரம் பிள்ளைகளின் தோளுக்குப் பின்னால் நின்று எந்த வரியில் பேனை நிற்கிறது என்று பார்க்க வேண்டும். வெளியூரிலிருந்து உதவ விரும்பும் பழைய மாணவர் சங்கங்கள் இன்னொரு வளைவு கட்டுவதைவிட, அந்தத் தம்பிக்கும் தங்கைக்கும் மாதாந்தம் ஒரு சிறு தொகை கொடுக்கலாம்.

பாடசாலையை விட்டவர்கள் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகக் கணிதத்துக்கு மட்டும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளம் வழியாக. தேசிய அடையாள அட்டை இலக்கம் வேண்டும். முடிவுத் திகதியைத் தவறவிட்டுவிட்டு வருபவர்கள்தான் அதிகம், ஆகவே அறிவித்தல் வந்த கிழமையிலேயே போடுங்கள். அடையாள அட்டை எடுக்காதவர்கள் கிராம அலுவலரிடம் இப்போதே போகட்டும்.

கணிதச் சித்திக்காகக் காத்திருக்காமல் போகக்கூடிய வழிகளும் உண்டு. 13 ஆண்டு உத்தரவாதக் கல்வியின் தொழில்சார் பிரிவு, அது நடைபெறும் பாடசாலைகளில், சாதாரண தரப் பெறுபேற்றைப் பாராமல் சேர்க்கிறது. தேசிய தொழில் தகைமை ஏழு மட்டங்கள் கொண்டது. மின்னிணைப்பிலோ மோட்டார் திருத்துவதிலோ கீழ்மட்டத்தில் நுழைந்து மேலே ஏறலாம். அங்கேயும் பின்னமும் சதவீதமும் வரும் என்பதால் மேற்சொன்ன ஆறு வாரம் எந்த வழியில் போனாலும் வீணாகாது.

கடைசியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். பெறுபேறு வந்த பின்னான மாதங்களில் கிழமைக்கு ஒரு கால்பத்தி தாருங்கள். ஒரு பழைய பரீட்சைக் கேள்வி, ஒரு பிள்ளை வழக்கமாக எழுதும் பிழை விடை, எந்த வரியில் புள்ளி போனது என்ற விளக்கம், அவ்வளவுதான். எழுதித்தர நாங்கள் ஆயத்தம், பணம் வேண்டாம். படம் போடவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுநிலைக் கணித ஆசிரியர்கள் சிலர்,
வலிகாமம், யாழ்ப்பாணம்.